வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது?

நம் வணிகர்களில் பலருக்குக் கடையும் வீடும் ஒன்றே. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை. அல்லது கீழே கடை, மேலே குடித்தனம். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இதே அமைப்புதான். இருக்கிற இடத்தில் பாதியைச் சரக்கு பிடித்துக்கொள்ளும். மீதிப் பாதியில் சமையல், படுக்கை, பூஜை, விருந்தாளி எல்லாம். அதில் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் எங்கே என்ற கேள்வி 2020ஆம் ஆண்டுக்கு முன் நம்மில் பலருக்கு எழுந்ததே இல்லை. பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை டியூஷன் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் பெரிய வகுப்புகளைச் சில வாரங்கள் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பிள்ளைகள் வீட்டில். மற்ற வீடுகளில் அப்பாவும் அம்மாவும்கூட வீட்டிலேயே இருந்தார்கள். நம் வீடுகளில்தான் நிலைமை தலைகீழ். அத்தியாவசியப் பண்டம் என்பதால் மளிகைக்கடை திறந்திருந்தது; பள்ளிக்கூடம் மூடியிருந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையையும் மூடியபிறகு சரக்கு தேடி அலைந்த அலைச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த அலைச்சலில் பிள்ளை என்ன படிக்கிறது என்று பார்க்க நம்மில் எத்தனை பேருக்கு நேரம் இருந்தது?

எங்கள் வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். பெரியவள் அப்போது ஆறாம் வகுப்பு, நடுப்பையன் மூன்றாம் வகுப்பு, கடைக்குட்டி யு.கே.ஜி. மகன் கடையில், நாங்கள் கல்லாவில். பொறுப்பு முழுக்க மருமகள் தலையில் விழுந்தது. முதல் இரண்டு வாரம் மூன்று பேரையும் கூடத்தில் ஒரே பாயில் உட்கார வைத்தாள். ஒருவன் பென்சிலை இன்னொருத்தி எடுத்தாள், ஒருத்தி படித்தால் மற்றவனுக்குக் காது அடைத்தது. தனி அறை ஒன்று கட்டினால்தான் ஆகும் என்று மகன் கொத்தனாரிடம் பேசக்கூட ஆரம்பித்துவிட்டான். மருமகள்தான் வேறு வழி கண்டாள். பிள்ளைகள் படிக்க ஓர் இடம் என்று தேடினால் வீட்டில் இடமே இல்லை. எந்தப் பாடத்துக்கு எந்த இடம் பொருந்தும் என்று தேடினால் இடம் தாராளமாக இருந்தது. மொத்த வியாபாரி குடோனில் செய்வதும் இதைத்தானே? எண்ணெய் டின்னுக்கு ஓர் இடம், புளிக்கு ஓர் இடம், பூச்சி பிடிக்கும் பருப்புக்குக் காற்றோட்டமான இடம்.

திண்ணை

இது புதுச் சரக்கு அல்ல. தீவுத்திடல் பக்கம் போகிறவர்கள் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையைப் பார்த்திருப்பார்கள். சர் தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர். அவர் 1822இல் ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் பள்ளிக்கூடம் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தொகை வருகிறது. திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் நடந்த பள்ளிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். சென்னைப் பட்டணத்துக் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்த பிள்ளைகள் 26 ஆயிரத்துக்கும் மேல். பள்ளியில் படித்தவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். மன்றோவுக்கே அந்தத் தொகையில் சந்தேகம், ஏதோ பிழை இருக்கும் என்று எழுதிவைத்தார். ஆனாலும் தகப்பனிடமும் உறவினரிடமும் வீட்டிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள் ஏராளம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய காலத்தைப் புகழ்கிறவர்கள் அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

திண்ணைப் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எழுத்து, நீதி நூல், அதற்குமேல் கணக்கு. அந்தக் கணக்கு முழுக்க முழுக்க நம் தொழிலுக்கானது. பொன்னிலக்கம் காசைக் கணக்கிட, நெல்லிலக்கம் தானியத்தை அளக்க, எண்சுவடி மனக்கணக்குக்கு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு, மாகாணி 16இல் ஒரு பங்கு. எங்கள் தகப்பனார் மாகாணி வாய்பாட்டை மூச்சுவிடாமல் சொல்வார். 1957இல் ரூபாய்க்கு 100 பைசா வந்தது, அதன்பின் கிலோவும் லிட்டரும் வந்தன. அந்த வாய்பாடு பரணுக்குப் போய்விட்டது. எங்களுக்கே அதில் முக்கால்வாசி தெரியாது.

பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பள்ளிகளில் வழக்கம். சட்டாம்பிள்ளை என்பார்கள். எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் விடுதியிலும் மணலைப் பரப்பினார், ஒரு மாணவனைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊருக்குத் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் உண்டான பள்ளிக்கு இன்றைக்கும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நம்மூர்ச் சரக்கு கப்பலேறிப் போய் வெளிநாட்டு முத்திரையோடு விலைபோன கதை இது ஒன்றுதானா என்ன!

இன்றைய தாம்பரத்தில் திண்ணை ஏது? இருந்த திண்ணையை இடித்துக் கடைக்கு ஷட்டர் போட்டவர்கள்தான் நாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஷட்டருக்குப் பக்கத்தில் மாடிக்கு ஏறும் வழியில் ஸ்கூட்டர் நிறுத்த நாலடிக்கு ஆறடி இடம் உண்டு. காலையில் ஸ்கூட்டர் வெளியே போனதும் அங்கே ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, கடைக்குட்டியை அ, ஆ எழுத வைத்தாள் மருமகள். பழைய ரவை, விற்க முடியாதது. சொல்லிக்கொடுத்தது அம்மா அல்ல, ஆறாம் வகுப்புக்காரிதான் சட்டாம்பிள்ளை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்பதால் கடைக்குட்டிக்கும் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

சமையலறையும் மாடிப்படியும்

பின்னக்கணக்கு எங்கள் நடுப்பையனுக்கு எட்டிக்காய். எட்டில் ஒன்று பெரிதா, நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டால், எட்டுதானே பெரிய எண் என்பான். அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. புத்தகத்தில் வட்டம் போட்டு வெட்டிக் காட்டியதெல்லாம் பலிக்கவில்லை. எங்கள் சமையலறையில் அரிசி அளக்க இன்னும் பித்தளைப் படியும் ஆழாக்கும் இருக்கின்றன. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. ஆக 8 ஆழாக்கு ஒரு படி. அரிசியை அளந்து அளந்து கொட்டச் சொன்னாள் மருமகள். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று, உழக்கு நாலில் ஒன்று, உரி பாதி. கையில் பிடித்துப் பார்த்த பிறகு எது பெரிது என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே அலமாரியில் பாக்கெட்டுகள். எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, கெடும் தேதி எல்லாம் அதன்மேலேயே அச்சாகியிருக்கின்றன. 100 கிராம் டீத்தூள் என்ன விலை, 500 கிராம் என்ன விலை, எது மலிவு? பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாகத்தான் இருக்கும் என்பது கிடையாது. சில்லறை வியாபாரிகளுக்கு நாம் சொல்லவே வேண்டாம். பெரியவள் ஒருநாள் ஒரு கம்பெனி சோப்பில் இதைக் கண்டுபிடித்து மகனிடம் சண்டைக்கு வந்துவிட்டாள். ஒன்று மட்டும் கவனம். அடுப்பில் எண்ணெய் இருக்கிற நேரம் சமையலறை பள்ளிக்கூடம் ஆகாது. காலை டிபன் முடிந்து, மதியச் சமையலுக்கு முன் ஒரு மணி நேரம்தான் அங்கே.

மாடிப்படியில் எண்கள். தெருமட்டம் பூஜ்யம், மேலே ஏறினால் 1, 2, 3 என்று 17 வரை. கீழே? எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, குடோன் வாசல் தெருவைவிட மூன்று படி தாழ்ந்துவிட்டது. அந்த மூன்று படிகளுக்கும் சாக்பீஸால் கழித்தல் குறி போட்டு 1, 2, 3 என்று எழுதினாள் பெரியவள். கழித்தல் இரண்டில் நின்று ஐந்து படி ஏறினால் எங்கே நிற்பாய்? ஆறாம் வகுப்புப் பாடம் ஒரே நாளில் முடிந்தது. அந்தக் கழித்தல் எண்களின் அருமை ஒவ்வொரு கார்த்திகையிலும் மூட்டைகளைத் தூக்கி மேலே அடுக்கும்போது எங்களுக்கும் நன்றாகவே தெரியும்.

மழை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெருந்தொற்று போய்விட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளே மூழ்கின. பள்ளிகள் வாரக்கணக்கில் திறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல நாள் விடுமுறை. நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை என்றாலே பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பருவம் என்று ஆகிவிட்டது. கரண்டும் போனும் இல்லாத அந்த நாட்களில் பித்தளைப் படிக்கும் மாடிப்படிக்கும் சார்ஜ் தேவைப்படாது.

கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அங்கே டி.வி. இருந்தது. அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் வகுப்புவாரியாக நேரம் குறித்துப் பாடம் நடத்தினார்கள். நேரம் குறித்து வந்ததே பெரிய உபகாரம், எந்த மணிக்கு எந்தப் பிள்ளை கூடத்தில் என்று முன்கூட்டியே வகுக்க முடிந்தது. போன் வகுப்புதான் தொல்லை. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அதுவும் கடை போன். பெரியவளின் அறிவியல் டீச்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே 'அண்ணாச்சி, துவரம்பருப்பு ரெண்டு மூட்டை' என்று ஆர்டர் வந்து விழும். நம் சங்க உறுப்பினர் வீடுகளில் இந்த ஒரு போனால் எத்தனை சண்டை நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

மொட்டை மாடிக்குக் காலை ஏழு மணிக்கு முன், மாலை ஐந்து மணிக்குப் பின். சித்திரையில் அதுவும் கிடையாது. ஆனால் சித்திரையிலேயே ஒரு நாள் மட்டும் உச்சிவெயிலில் மூன்று பேரும் மேலே போனார்கள். சென்னைப் பகுதியில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. காலி எண்ணெய் டின்னை மாடியில் வைத்து, பன்னிரண்டு மணியிலிருந்து அதன் நிழலைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். 12 மணி கடந்து சில நிமிடத்தில் நிழல் டின்னுக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டது. அறுபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறோம், எங்கள் கண்ணில் இது பட்டதே இல்லை. உச்சிவேளையில் நாம் எப்போது மாடிக்குப் போனோம்?

கடையில் கற்பதும் கடையில் நிற்பதும்

இனிமேல் சொல்லப்போவதுதான் நமக்கு முக்கியம். மற்ற வீடுகளுக்கு இல்லாத ஓர் இடம் நம் வீடுகளில் உண்டு: கடையும் குடோனும். கணக்குக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. நீளம் எத்தனை மூட்டை, அகலம் எத்தனை மூட்டை, உயரம் எத்தனை அடுக்கு, ஆக மொத்தம் எத்தனை? சிட்டையில் இன்றைய வரவு செலவு, அதைப் பேரேட்டில் யார் பெயரில் ஏற்றுவது? 5 சதவீத வரி என்றால் 840 ரூபாய்க்கு எவ்வளவு? எங்கள் நடுப்பையன் 2022இல் ஒருநாள் குடோனில் நின்றுகொண்டு, அரிசி மூட்டை எப்போதும் 25 கிலோதானே, இது ஏன் 26 கிலோ என்று கேட்டான். அந்த ஆண்டு ஜூலை 18 முதல் 25 கிலோ வரையில் பெயர் அச்சிட்டு அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதற்குமேல் இருந்தால் இல்லை, எனவே மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டிவிட்டார்கள். இதை அவனுக்கு விளக்கி முடிக்க அரை மணி ஆயிற்று. சட்டம், சதவீதம், எடை, மனிதர் புத்தி எல்லாம் அந்த ஒரு மூட்டைக்குள் இருந்தன.

ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிற பிள்ளை எப்போது வேலைக்காரப் பையனாக மாறுகிறான் என்று நமக்கே தெரியாது. பொட்டலம் கட்டத் தெரிந்துவிட்டது, பில் போடத் தெரிந்துவிட்டது, அந்த மணி நேரத்துக்கு ஓர் ஆள் மிச்சம். சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்கிறது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் முடிந்தபின்போ விடுமுறையிலோ உதவலாம் என்று மட்டும் விலக்குத் தருகிறது. பள்ளி நேரமே இல்லாத காலத்தில் அந்த விலக்கு நம் கடைகளில் எவ்வளவு நீண்டது என்று உள்ளூர நமக்குத் தெரியும்.

அந்த நீட்சிக்கு என்ன விலை என்று ஓரளவு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியதால் வந்த பின்னடைவு மொழியைவிடக் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த திட்டம் அது. 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய், மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கட்டடம் கட்டவில்லை. தன்னார்வலரின் வாசல், மாடி, கோயில் மண்டபம், ஊர்ப் பொதுக்கூடம் எது கிடைத்ததோ அதுதான் வகுப்பு. மன்றோ கணக்கெடுத்த திண்ணைதான், இருநூறு வருடம் கழித்து, இம்முறை பெண்பிள்ளைகளோடு.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வியாபாரி முடிச்சூர் ரோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம். அவர் மகனுக்கு 2020இல் 13 வயது, எட்டாம் வகுப்பு. பள்ளி மூடியதும் பையன் கடைக்கு வந்தான். கெட்டிக்காரன், ஒரு மாதத்தில் கடையை அவன் கையில் விட்டுவிட்டு அப்பா சந்தைக்குப் போகலாம் என்ற அளவுக்குத் தேறிவிட்டான். போன் கடையில் இருந்ததால் வகுப்பு நடக்கவில்லை. 2021 செப்டம்பர் 1இல் 9 முதல் 12 வகுப்புகள் திறந்தன, அவன் போகவில்லை. பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது என்ற கூச்சம் அவனுக்கு. 'அண்ணாச்சி, ரெண்டு வருஷம் போயிடுச்சு, இனி அவனை உட்கார வைக்க முடியாது. கடையையே பார்க்கட்டும்' என்றார் அப்பா. அவர் சொன்னதில் கோபமோ வருத்தமோ தெரியவில்லை. சரக்குப் பட்டியலை நீட்டிவிட்டு நின்றார்.

விட்டுக்கொடுக்காதவர் அந்தப் பையனின் அம்மா. பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்பு எழுத வழி உண்டா என்று எங்கள் மருமகளிடம் வந்து விசாரித்தார். உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று மத்திய அரசின் அமைப்பு; 1989இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். தமிழிலும் எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் தேர்வு. பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, தேறிய பாடம் தேறியதுதான், மீதியை அடுத்த முறை எழுதலாம். தவணை முறையில் பாக்கி தீர்ப்பது போல. பள்ளிக்கே அனுப்பாமல் வேண்டுமென்றே வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற குடும்பங்கள் இப்போது நம் பகுதிகளிலும் சில உண்டு. அவர்களில் பலர் இந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வருகிறார்கள். சேருமுன் பிள்ளை அடுத்துப் படிக்க நினைக்கும் கல்லூரியில் இந்தச் சான்றிதழ் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வழி கிடைத்தது, இடம்? கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதில் நாலு பேர். அந்த அம்மாள் மாடிப்படிக்கு அடியில் முட்டைத் தட்டுகள் அடுக்கியிருந்த மூலையைக் காலி செய்தார். முட்டைகள் கட்டிலுக்கடியில் போயின. மூன்றடிக்கு நாலடி, நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு பல்பு, ஒரு மரப்பெட்டி மேஜை. மதியம் 2 முதல் 4 வரை கடையைச் சாத்தும் நேரம் அவனுக்குப் படிப்பு. அந்த நேரத்தில் வாடிக்கையாளர் யாரும் தட்டினால் அம்மாதான் எழுந்து போவார், பையன் எழக் கூடாது. இதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். அப்பாவுக்கு அந்த நேரம்தான் தூக்கம், முதலில் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார்.

2023 கோடையில் எழுதினான். தமிழ், பொருளாதாரம், வணிகக் கல்வி மூன்றிலும் தேறினான். ஆங்கிலமும் கணக்கும் போயின. கடையில் கால்குலேட்டர் இல்லாமல் 30 சாமானுக்குக் கூட்டிச் சொல்கிறவன் கணக்கில் தேறவில்லை என்று தெருவில் சிரித்தார்கள். அல்ஜீப்ராவுக்கு எங்கள் பெரியவள் பாட நோட்டுகளைக் கொடுத்து அனுப்பினாள், வயதில் அவனைவிடச் சிறியவள். அக்டோபரில் ஆங்கிலம், அடுத்த ஏப்ரலில் கணக்கு. இப்போது அதே நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கான பாடங்களை ஒவ்வொன்றாக எழுதிவருகிறான். கடையையும் விடவில்லை, ஆனால் 2 முதல் 4 வரை அவனைக் கூப்பிட முடியாது. படிக்கு அடியில் இடம் போதாமல் தங்கையோடு அவனுக்கு இப்போது தகராறு என்று கேள்விப்பட்டோம்.

நம் சங்கக் கட்டடத்து மாடிக் கூடத்தைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. மாதக் கூட்டம், ஆண்டு விழா, எப்போதாவது ஒரு கருத்தரங்கு. மற்ற நாளெல்லாம் அது பூட்டிக் கிடக்கிறது. நாலு மின்விசிறி, பெஞ்சுகள், குடிதண்ணீர், கழிவறை எல்லாம் உண்டு. உறுப்பினர்களின் பிள்ளைகளும் நம் கடைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் மாலை 5 முதல் 7 வரை வந்து உட்கார்ந்து படிக்க அதைத் திறந்துவிடலாம் என்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாத்தியார் வேண்டாம், சம்பளம் வேண்டாம். ஒருவர் மாற்றி ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். மின்கட்டணம் யார் கட்டுவது, சாவி யாரிடம் இருப்பது என்ற இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. முதல் ஆறு மாத மின்கட்டணத்தை எங்கள் கடை ஏற்கும். சாவிக்கும் மாலை முறைக்கும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் சங்க அலுவலகத்தில் சொல்லிவைக்கவும்.